கமோஓலேவா சுற்றுவது பூமியையா, சூரியனையா?

மாடித்தொலைநோக்கி:

வணக்கம். கமோஓலேவா என்ற குறுங்கோளின் சுற்றுப்பாதை பற்றி ஒரு சந்தேகம். பட்டியலில் 469219 என்ற எண்ணிலும் 2016 எச்ஓ3 என்ற பெயரிலும் இருக்கிறது. ஹவாயில் ஹாலேயாகாலா மலையுச்சியில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியில் 2016 ஏப்ரல் 27 அன்று கண்டுபிடித்தார்கள். குறுக்களவு 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கலாம் என்று கணக்கு. இந்த அளவுக்குப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

குழப்பம் எங்கே என்றால், எந்தப் படத்தைப் பார்த்தாலும் பூமி நடுவில் இருக்கிறது, இந்தக் கல் அதைச் சுற்றிச் சுருள் சுருளாக வருகிறது. ஆனால் அதே படத்துக்குக் கீழே "இது பூமியின் நிலா அல்ல, சூரியனைத்தான் சுற்றுகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். என் அக்கா மகன் ஒன்பதாவது படிக்கிறான். "மாமா, சுத்துதுன்னா அது நிலா. சுத்தலைன்னா நிலா இல்லை. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "போலி நிலா" என்ற பெயரைச் சொல்லி அவனை ஒதுக்கிவிட எனக்கு விருப்பமில்லை, காரணம் புரிந்து சொல்ல வேண்டும்.

அதோடு, பூமி அதைப் பிடித்து வைக்கவில்லை என்றால் இத்தனை வருஷமாக ஏன் விலகிப் போகாமல் கூடவே வருகிறது? ஒருநாள் நம்மேல் வந்து விழுமா? என்னிடம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இருக்கிறது, அதில் தெரியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பௌதிக_டீச்சர்:

உங்கள் அக்கா மகனுக்கு முதலில் ஒரு சபாஷ். அவன் கேட்டதுதான் இதில் மையமான கேள்வி, பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: யாருடைய இடத்தில் நின்று பார்க்கிறோம்?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். பூமியின் பாதை ஏறக்குறைய வட்டம். கமோஓலேவாவின் பாதை கொஞ்சம் நீண்ட வட்டம், சூரியனுக்கு மிக அருகில் வரும்போது பூமி-சூரியன் தூரத்தில் சுமார் 0.9 பங்கு, மிக விலகும்போது சுமார் 1.1 பங்கு. ஆனால் ஒரு சுற்று முடிக்க ஆகும் காலம் கிட்டத்தட்ட 366 நாள். பூமிக்கு 365 நாளும் கால் நாளும். கவனிக்க வேண்டியது இந்தப் பொருத்தம்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வருகிறது.

சூரியனுக்கு அருகில் வரும்போது எந்தப் பொருளும் வேகமாகப் போகும், தள்ளிப் போகும்போது மெதுவாகும், இது கெப்ளர் சொன்னது. இந்தக் கல் உள்பக்கம் இருக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர், வெளிப்பக்கம் போகும்போது 27 கிலோமீட்டர். பூமி சராசரியாக 30க்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய ஒரே சீராகப் போகிறது.

இதைப் பையனுக்குக் காட்ட நான் வகுப்பில் செய்வது கோயில் பிரகாரம். நீங்கள் பிரகாரத்தின் நடுவில் கோடு போட்டதுபோல ஒரே வேகத்தில் வலம் வருகிறீர்கள், சன்னதி உங்கள் வலது கைப்பக்கம். உங்கள் கூட வருகிறவர் அப்படி நடக்காமல் கொஞ்ச நேரம் சன்னதிச் சுவரை ஒட்டி வேகமாக நடக்கிறார், அப்புறம் வெளி மதிலை ஒட்டி மெதுவாக நடக்கிறார், ஆனால் ஒரு சுற்று முடியும்போது இருவரும் ஒன்றாகக் கொடிமரத்துக்கு வந்துவிடுகிறீர்கள். இப்போது நீங்கள் திரும்பிப் பார்க்காமல் உங்களை வைத்தே கணக்கு எடுங்கள். அவர் முதலில் உங்கள் வலப்பக்கமாக உங்களைத் தாண்டிப் போகிறார். அப்புறம் உங்களுக்கு முன்னால் இருக்கிறார். வெளிப்பக்கம் போய் வேகம் குறைந்ததும் உங்கள் இடப்பக்கமாகப் பின்தங்குகிறார். அப்புறம் உங்களுக்குப் பின்னால். மறுபடியும் வலப்பக்கம். அதாவது ஒரு வலத்துக்குள் அவர் உங்களை ஒரு முறை சுற்றி வந்துவிட்டார்! ஆனால் அவர் வலம் வந்தது சாமியைத்தான், உங்களை அல்ல. மேலே கோபுரத்திலிருந்து பார்ப்பவருக்கு நடுவில் ஒரு சன்னதியும் அதை வலம் வரும் இரண்டு பேரும் மட்டும்தான் தெரிவார்கள், யாரும் யாரையும் சுற்றவில்லை.

கமோஓலேவா செய்வது அச்சு அசல் இதுதான். நீங்கள் பார்த்த படம் பூமியோடு சேர்ந்து நகர்ந்தபடியே வரைந்தது. ஆகவே "சுற்றுகிறது" என்பது பூமியிலிருந்து பார்க்கும் தோற்றமாக உண்மை, "சூரியனைச் சுற்றுகிறது" என்பது விசைக் கணக்காக உண்மை. இரண்டுக்கும் சண்டை இல்லை.

இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். பிரகாரத்தில் நீங்கள் வலமாகப் போகிறீர்கள், கூட வந்தவர் உங்களைச் சுற்றியது இடமாக. அதேபோல நம் நிலா பூமியைச் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில்தான் இந்தக் கல் நம்மைச் சுற்றுவதுபோலத் தெரியும். அந்தச் சுற்றின் வடிவமும் வட்டம் இல்லை. சூரியன் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர், பூமி போகும் திசையில் முன்னும் பின்னும் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது மூன்று கோடி. அதன் பாதைத் தளம் பூமியின் தளத்துக்குச் சுமார் 8 பாகை சாய்ந்திருப்பதால் வருஷத்துக்கு ஒரு முறை மேலேயும் ஒரு முறை கீழேயும் போய்வருகிறது. மொத்தத்தில் நிலாவின் தூரத்தைப்போல் 38 மடங்குக்கு உள்ளே வராமல், 100 மடங்குக்கு வெளியே போகாமல் இருக்கிறது. 38 மடங்கு என்றாலே ஏறக்குறைய 1 கோடியே 45 லட்சம் கிலோமீட்டர்.

கார்த்திகை:

டீச்சர் விளக்கம் அருமை. ஒரே வரியில் சொன்னால், அந்த இடத்தில் பூமியை விடச் சூரியனின் ஈர்ப்பு அதிகம், அதனால் அது நிலா இல்லை. அவ்வளவுதானே?

சுழல்_பாதை:

கார்த்திகை, இந்த ஒரு வரியைப் பல இடத்தில் பார்க்கிறேன், அதை அப்படியே விட்டுவிட மனமில்லை. அந்த அளவுகோலை வைத்தால் நம் நிலாவே நிலா இல்லை என்று ஆகிவிடும்! நிலாவைப் பூமி இழுப்பதை விடச் சூரியன் இரண்டு மடங்குக்கும் மேல் பலமாக இழுக்கிறது. நம்ப முடியாவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியனின் நிறை பூமியைப்போல் சுமார் 3,33,000 மடங்கு, தூரம் நிலாவின் தூரத்தைப்போல் சுமார் 390 மடங்கு. 390ஐ 390ஆல் பெருக்கினால் ஒன்றரை லட்சம். 3,33,000ஐ அதால் வகுத்தால் 2.2.

பிறகு ஏன் நிலா நம்மோடு இருக்கிறது? சூரியன் நிலாவை மட்டும் இழுக்கவில்லை, பூமியையும் ஏறக்குறைய அதே அளவுக்கு இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தே சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. பூமியிடமிருந்து நிலாவைப் பிரிக்கக்கூடியது சூரியனின் மொத்த இழுப்பு அல்ல, பூமியை இழுப்பதற்கும் நிலாவை இழுப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும்தான். அந்த வித்தியாசம் தூரம் கூடக் கூட வளரும், பூமியின் பிடி தூரம் கூடக் கூடக் குறையும். இரண்டும் சமமாகும் எல்லை பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். ஹில் கோளம் என்பது இதைத்தான். நிலா 3,84,000 கிலோமீட்டரில் பத்திரமாக உள்ளே இருக்கிறது. கமோஓலேவா மிக அருகில் வரும்போதும் அந்த எல்லையைப்போல் பத்து மடங்கு தூரத்தில் இருக்கிறது. அங்கே பூமியின் இழுப்பு சூரியனின் இழுப்பில் மூவாயிரத்தில் ஒரு பங்கு.

நிலாவா இல்லையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பூமி திடீரென்று மறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். நம் நிலா பூமியைச் சுற்றுவதை அந்தக் கணமே விட்டுவிட்டுத் தனியாகச் சூரியனைச் சுற்றப் போய்விடும், அதன் வாழ்க்கையே மாறிவிடும். கமோஓலேவாவுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அதே நீள்வட்டத்தில்தான் போய்க்கொண்டிருக்கும்.

மாடித்தொலைநோக்கி:

டீச்சர், பிரகாரம் எனக்கே இப்போதுதான் தெளிவாகப் புரிந்தது, ரொம்ப நன்றி. சுழல்_பாதை, பூமி மறைந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். அப்படியென்றால் பூமிக்கு இதில் வேலையே இல்லையா? காலப் பொருத்தம் என்பது வெறும் தற்செயலா? 366 நாளும் 365¼ நாளும் ஒன்றில்லையே. வருஷத்துக்கு முக்கால் நாள் பின்தங்கினால் நூறு வருஷத்தில் எங்கேயோ போயிருக்க வேண்டுமே.

சுழல்_பாதை:

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று பார்த்தால் பூமிக்கு வேலை இல்லை. பத்து இருபது வருஷம் என்று பார்த்தால் எல்லா வேலையும் பூமியுடையதுதான். அதன் சுற்றுக்காலமே ஒரே எண்ணில் நிற்பதில்லை. ஒரு வருஷத்துக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் போய்ப்போய் வரும், அப்படிப் போய்வர வைப்பது பூமி.

டீச்சர் சொன்ன அந்தச் சுற்றை, முன்னும் பின்னும் மூன்று கோடி கிலோமீட்டர் நீண்டிருக்கும் அந்த வளையத்தை, ஒரே பொருளாக மனதில் வையுங்கள். பூமி அதன் நடுவில். இப்போது வளையம் முழுவதும் மெல்ல முன்பக்கம் நகர ஆரம்பிக்கிறது என்று வைப்போம். அப்படி நகர்ந்தால் வளையத்தின் முன்விளிம்பு பூமியை விட்டு விலகும், பின்விளிம்பு பூமிக்கு நெருங்கும். கல் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பின்விளிம்பு வழியாகப் போகும்போது பூமி அதற்கு முன்னால், வழக்கத்தை விடக் கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே பூமி அதை முன்னோக்கி இழுக்கிறது.

முன்னோக்கி இழுத்தால் இன்னும் வேகமாக முன்னால் போய்விடாதா என்றுதான் தோன்றும். சுற்றுப்பாதையில் நடப்பது நேர் எதிர். முன்னோக்கி இழுக்கப்பட்ட கல்லுக்கு ஆற்றல் கூடுகிறது, ஆற்றல் கூடினால் பாதை பெரிதாகிறது, பாதை பெரிதானால் சுற்றுக்காலம் நீள்கிறது, சுற்றுக்காலம் நீண்டால் அது பின்தங்குகிறது. முன்னால் இழுத்ததன் விளைவாகப் பின்னால் வருகிறது! பின்னால் அதிகம் போய்விட்டால் இப்போது முன்விளிம்பு பூமிக்கு நெருங்கும், பூமி அதைப் பின்னோக்கி இழுக்கும், ஆற்றல் குறையும், பாதை சுருங்கும், சுற்றுக்காலம் குறையும், மறுபடி முன்னேறும். இப்படி வளையம் முழுவதும் பூமியைச் சுற்றி முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. 366 நாள் என்று நீங்கள் பார்த்தது இந்த ஊசலாட்டத்தில் இப்போதைய நிலவரம்.

மூவாயிரத்தில் ஒரு பங்கு விசை இவ்வளவு வேலை செய்கிறது என்பது எனக்கு இன்றுவரை அதிசயம்தான். பூமி இதைப் பிடித்து வைக்கவில்லை, ஆனால் போகவும் விடவில்லை.

ஆனால் இது நிரந்தரம் இல்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாகத்தான் கமோஓலேவா இந்த நிலையில் இருக்கிறது, இன்னும் சில நூற்றாண்டுகள் இருக்கும் என்கிறது கணிப்பு. அப்புறம் ஊசலாட்டம் பெரிதாகிப் பூமி வளையத்துக்கு வெளியே வந்துவிடும். அப்போது இந்தக் கல் பூமியின் பாதை நெடுக மெல்ல விலகிப் போய், சூரியனுக்கு மறுபக்கமெல்லாம் கடந்து, எதிர்ப்பக்கமாகப் பூமிக்கு அருகே வந்து, அங்கிருந்து மறுபடி திரும்பும். பூமியோடு சேர்ந்து நகர்ந்தபடி பார்த்தால் அந்தப் போக்குவரத்து குதிரை லாட வடிவம். 1986இல் கண்டுபிடிக்கப்பட்ட குருயித்னே என்ற குறுங்கோள் இப்போது இருப்பது அந்த வகைப் பாதையில்தான். அதன் பாதையைப் புரிந்துகொள்ளவே 1997 வரை ஆயிற்று.

விழுமா என்று கேட்டீர்கள். இந்த நிலையில் இருக்கும்வரை நிலாவின் தூரத்தைப்போல் 38 மடங்குக்கு உள்ளேயே வருவதில்லை, பயப்பட ஒன்றுமில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த கல் சுமார் 20 மீட்டர்தான், அது வருவது யாருக்கும் முன்கூட்டித் தெரியவில்லை. கவலைப்பட வேண்டியது அப்படிப்பட்ட கற்களைப் பற்றி. பாதை நன்றாகத் தெரிந்த கல்லைப் பற்றி அல்ல.

செய்தி_வாசகன்:

2024இல் எல்லாச் செய்தியிலும் "பூமிக்கு இரண்டாவது நிலா, அர்ஜுனா கூட்டத்திலிருந்து வருகிறது" என்று போட்டார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அதே பேச்சு.

நிலாப்பித்து:

வேறு வேறு. அது 2024 பிடி5. தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி 2024 ஆகஸ்ட் 7 அன்று கண்டது, அளவு சுமார் 10 மீட்டர், ஒரு பெரிய பஸ் நீளம்தான். சூரியனைப் பூமியைப் போலவே சுற்றும், ஏறக்குறைய அதே தூரம், அதே தளம், அதே வேகம் கொண்ட குறுங்கோள்களை அர்ஜுனா வகை என்பார்கள், அதில் ஒன்று அது. பூமியை ஒட்டி மெதுவாகக் கடந்து போனதால் 2024 செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை அதன் ஆற்றல் கணக்கு மட்டும் "பூமிக்குக் கட்டுப்பட்டது" என்ற பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு சுற்றுக்கூட முடிக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அது நிலாவை விடப் பல மடங்கு தூரத்தில், ஹில் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. இதை இரண்டாவது நிலா என்று தலைப்புப் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை, வாசகரை வீணாக மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

உண்மையிலேயே பூமிக்குக் கட்டுப்பட்டுச் சுற்றியது என்றால் 2006 ஆர்எச்120. சில மீட்டரே உள்ள கல், 2006இல் பூமியின் பிடிக்குள் வந்து 2007 நடுவில் விட்டுப் போனது. 2020இல் கண்டுபிடித்த 2020 சிடி3யும் அப்படித்தான். இவை கொஞ்ச காலம் உண்மையான நிலாக்கள். கமோஓலேவா நூற்றாண்டுக் கணக்கில் கூட வரும், ஆனால் நிலா இல்லை. இந்த இரண்டு வகையையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, இப்படிப் பூமியைப் போன்ற பாதையில் வருவதெல்லாம் கல்லாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2020 செப்டம்பரில் பான்-ஸ்டார்ஸ் கண்ட 2020 எஸ்ஓ கடைசியில் என்னவென்று தெரிந்ததா? 1966இல் சர்வேயர் 2 விண்கலத்தை நிலாவுக்கு அனுப்பிய ராக்கெட்டின் சென்டார் மேலடுக்கு. அதில் பட்டு வந்த ஒளியை ஆராய்ந்தபோது துருப்பிடிக்காத எஃகு என்று தெரிந்தது.

ஏலகிரி_இருட்டு:

6 அங்குலத் தொலைநோக்கி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். தெரியாது. கொஞ்சம்கூட வாய்ப்பில்லை, மனம் தளர வேண்டாம்.

கமோஓலேவா மிகப் பிரகாசமாக இருக்கும்போதே அதன் ஒளியளவு 23ஐத் தாண்டி இருக்கும், எண் கூடினால் மங்கல் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல இருட்டான இடத்தில் உங்கள் தொலைநோக்கிக்கு எல்லை 13 என்று வையுங்கள். ஒவ்வொரு 5 எண்ணுக்கும் வெளிச்சம் நூறு மடங்கு குறையும், ஆக 10 எண் வித்தியாசம் என்றால் பத்தாயிரம் மடங்கு மங்கல். வருஷத்தில் ஏப்ரல் மாதத்தை ஒட்டிச் சில வாரங்கள்தான் அது ஆராயத்தக்க நிலைக்கு வரும், அப்போதும் அரிசோனாவில் கிரகாம் மலை மேல் இருக்கும் பெரிய இரட்டைத் தொலைநோக்கி, எட்டு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள இரண்டு ஆடிகள் கொண்டது, அந்த மாதிரிக் கருவி வேண்டும்.

ஆனால் குறுங்கோள் பார்க்க ஆசை என்றால் உங்கள் டாப்சோனியன் போதும். வெஸ்டாவில் ஆரம்பியுங்கள், அது நன்றாக வரும் காலத்தில் பைனாகுலரிலேயே தெரியும். அப்புறம் சீரிஸ், பாலஸ், ஜூனோ. ஒரே நாளில் பார்த்துவிட்டு "இதுவும் நட்சத்திரம் மாதிரிதானே இருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. பையனை ஒரு தாளில் அந்தக் காட்சிப் புலத்திலுள்ள புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள், மூன்று நான்கு இரவு கழித்து அதே இடத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள். எந்தப் புள்ளி இடம் மாறியதோ அதுதான் குறுங்கோள். காவலூர் வானாய்வகத்தில் 1988இல் 4130 ராமானுஜன் குறுங்கோளைக் கண்டுபிடித்ததும் அடிப்படையில் இதே வேலைதான், நகரும் புள்ளியைத் தேடுவது.

2029 ஏப்ரல் 13 அன்று அப்போஃபிஸ் என்ற குறுங்கோள் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கும், ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியாவில் இருப்பவர்கள் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். துபாயிலோ குவைத்திலோ சொந்தக்காரர்கள் இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

நிலாப்பித்து:

மேலே சொன்ன இரட்டைத் தொலைநோக்கியில் பார்த்துத்தான் இந்தக் கல்லைப் பற்றிய பெரிய செய்தி வந்தது, அதைச் சொல்லாமல் இந்த இழையை விட முடியவில்லை. 2021இல் அதன் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். சாதாரணக் குறுங்கோள்களின் ஒளி மாதிரி இல்லை, அகச்சிவப்புப் பக்கம் வழக்கத்துக்கு மாறாகக் கூடிக்கொண்டே போகிறது. ஒத்துப்போனது எதோடு தெரியுமா? அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த, விண்வெளியில் வெகுகாலம் அடிபட்ட நிலாக் கல்லோடு!

அதாவது இது நிலாவின் ஒரு துண்டாக இருக்கலாம். நிலாவில் பெரிய மோதல் ஒன்று நடந்து, நொடிக்கு 2.4 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தோடு எறியப்பட்ட துண்டுகளில் சில பூமியின் பாதையை ஒட்டியே சூரியனைச் சுற்ற ஆரம்பித்திருக்கலாம். 2024இல் இன்னொரு குழு கணினியில் மோதல்களைப் போட்டுப் பார்த்து எந்தப் பள்ளத்திலிருந்து வந்திருக்கலாம் என்றுகூடச் சொன்னது. நிலாவின் மறுபக்கத்தில் இருக்கும் ஜியோர்டானோ புரூனோ என்ற பள்ளம், 22 கிலோமீட்டர் அகலம், வயது பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வருஷத்துக்குள். நிலாவின் கணக்கில் நேற்றுப் பிறந்த பள்ளம். 2024 பிடி5இன் ஒளியும் நிலாக் கல்லைப் போலத்தான் இருந்தது என்பதால், நிலாத் துண்டுகள் ஒரு சிறு கூட்டமாகவே நம்மைச் சுற்றி இருக்கலாம் என்ற எண்ணம் இப்போது வலுக்கிறது.

ஆனால் தொலைவிலிருந்து ஒளியைப் பார்த்துச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் சீனா தியான்வென்-2 விண்கலத்தை 2025 மே மாதக் கடைசியில் ஷிசாங்கிலிருந்து லாங் மார்ச் 3பி ராக்கெட்டில் அனுப்பியது. திட்டப்படி 2026 ஜூலையில் கமோஓலேவாவை அடைந்து, பக்கத்திலேயே இருந்து ஆராய்ந்து, மாதிரி எடுத்து, 2027 கடைசியில் பூமியில் இறக்க வேண்டும். அதற்கப்புறம் விண்கலம் 311பி என்ற வால் முளைத்த குறுங்கோளை நோக்கிப் போகும்.

மாடித்தொலைநோக்கி:

நிலாத் துண்டா! இதைச் சொன்னால் பையன் தூங்க மாட்டான். ஒரு கேள்வி, அதில் எப்படி இறங்குவார்கள்? 50 மீட்டர் கல்லுக்கு ஈர்ப்பே இருக்காதே.

பௌதிக_டீச்சர்:

ஈர்ப்பு இல்லாதது பாதிச் சிக்கல்தான். அந்தக் கல் ஏறக்குறைய 28 நிமிஷத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. நம் நாள் 24 மணி நேரம், அதன் நாள் அரை மணிக்கும் குறைவு. 50 மீட்டர் குறுக்களவு, சாதாரணப் பாறை அடர்த்தி என்று வைத்து நான் கணக்குப் போட்டேன். அதன் நடுக்கோட்டில் ஒரு கூழாங்கல்லை வைத்தால் சுழற்சி அதை வெளியே தள்ளும் அளவு, ஈர்ப்பு உள்ளே இழுக்கும் அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வருகிறது. அதாவது அங்கே எதையும் "கீழே வைக்க" முடியாது, வைத்தது பறந்துவிடும். துருவத்தை ஒட்டிய இடத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

ஆகவே மேலே தளர்வாகக் கிடந்த கல் எல்லாம் எப்போதோ போயிருக்க வேண்டும், வெறும் பாறையாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் நுண்ணிய தூசு துகளுக்குத் துகள் ஒட்டிக்கொள்ளும் விசையால் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு. எது உண்மை என்பது விண்கலம் அருகில் போய்ப் படம் எடுக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் ஒரே முறையை நம்பாமல் பல முறைகளைத் திட்டத்தில் வைத்திருக்கிறார்கள்: மேலே மிதந்தபடி எடுப்பது, ஒரு நொடி தொட்டுவிட்டு எழும்புவது, கைகளை ஊன்றிப் பாறையைப் பிடித்துக்கொண்டு எடுப்பது. இந்த மூன்றாவது முறையைக் குறுங்கோளில் இதுவரை யாரும் செய்து முடித்ததில்லை. ஜப்பானின் ஹயபூசா கலங்களும் அமெரிக்காவின் ஓசைரிஸ்-ரெக்ஸும் தொட்டுவிட்டு எழுந்தவைதான், அவை போன கற்களும் இதைவிடப் பல மடங்கு பெரியவை.

கார்த்திகை:

மாதிரி வந்தால் நிலாத் துண்டா இல்லையா என்று எப்படிச் சொல்வார்கள்? பார்த்தால் எல்லாக் கல்லும் கல்தானே.

நிலாப்பித்து:

ஆக்சிஜனை வைத்து. பாறையில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, அதில் 16, 17, 18 என்று மூன்று வகை ஐசோடோப்பு, அதாவது எடை மட்டும் மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள். சூரியக் குடும்பத்தில் எங்கே உருவானதோ அதற்கேற்ப அந்த மூன்றின் விகிதமும் மாறும், செவ்வாய்க் கல்லுக்கு ஒரு விகிதம், பெரும்பாலான விண்கற்களுக்கு வேறு வேறு விகிதம். பூமிக்கும் நிலாவுக்கும் அது ஏறக்குறைய ஒன்றே. கமோஓலேவா மாதிரியில் அந்த விகிதம் வந்தால் அது நம் வீட்டுக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் அப்பல்லோ, லூனா கலங்கள் கொண்டுவந்தது, 2020இல் சீனாவின் சாங்-எ 5 கொண்டுவந்தது, 2024இல் மறுபக்கத்திலிருந்தே சாங்-எ 6 கொண்டுவந்தது என்று ஒப்பிட எத்தனையோ நிலா மாதிரிகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. விகிதம் பொருந்தாவிட்டால் இன்னும் சுவாரசியம், நிலா மாதிரி ஒளி காட்டும் நிலா அல்லாத கல் எங்கிருந்து வந்தது என்று முதலிலிருந்து தேட வேண்டும்.

மாடித்தொலைநோக்கி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று, பையனுக்குக் கணினியில் காட்ட நல்ல இடம் இருக்கிறதா? அந்தச் சுருள் படத்தைக் காட்டினால் மறுபடி முதல் கேள்விக்கே போய்விடுவான்.

சுழல்_பாதை:

நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வகம் நடத்தும் சிறுபொருள் தரவுத்தளத்துக்குப் போய் 469219 என்று அடியுங்கள், சுற்றுப்பாதைப் படம் இருக்கிறது, இலவசம். அது சூரியனை நடுவில் வைத்துக் காட்டும். பூமியின் பாதையும் இதன் பாதையும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம், சுருள் எங்கேயும் இருக்காது. நாளை நகர்த்தி ஒரு வருஷம் ஓடவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் நிறுத்தி, பூமிக்கு இந்தக் கல் முன்னாலா பின்னாலா, சூரியன் பக்கமா வெளிப்பக்கமா என்று பையனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் தாளின் நடுவில் பூமியைப் புள்ளியாக வைத்து, அவன் எழுதிய பன்னிரண்டு இடத்தையும் அதைச் சுற்றிக் குறித்து ஒரு கோடு போட்டு இணைக்கட்டும், சுருளை அவனே வரைந்திருப்பான்.